பழைய ஹைலக்ஸில் ஸ்டியரிங் மாற்றம்: சில ஆண்டுகள் ஓடிய பிறகு

2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்திய பின்னர், கிளிநொச்சிப் பக்கத்தில் பழைய டபுள் கெப் வைத்திருந்தவர்களுக்குக் கையில் உள்ளதைப் பேணிக்கொள்வதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. எங்களிடம் இருப்பது 1990களின் தொடக்கத்தில் வந்த, 2.8 லீற்றர் டீசல் எஞ்சின் பூட்டிய டொயோட்டா ஹைலக்ஸ். எஞ்சினும் கியர்பெட்டியும் நன்றாகவே உழைத்தன. ஆனால் ஸ்டியரிங் வளையத்தின் மேற்பகுதி வெயிலில் வெடித்து, உள்ளிருந்த இரும்பு தெரியத் தொடங்கியிருந்தது. 2021இல் அதைக் கழற்றிவிட்டு வேறொன்று பூட்டினேன். அதன் பின்னர் விதைப்பு, அறுவடை, கொழும்புப் பயணம் எல்லாம் அந்தப் புதிய வளையத்தோடுதான் நடந்திருக்கின்றன.

கடைகளில் முதலில் காட்டப்பட்டது 350 மில்லிமீற்றர் விட்டமுள்ள பந்தய வகை வளையம். பார்ப்பதற்கு அழகானது, இருந்தும் நான் அதை எடுக்கவில்லை. எங்கள் வாகனத்தின் வளையம் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர். விட்டம் அவ்வளவு குறைந்தால், அதே திருப்பத்துக்குக் கை பதினொரு வீதம் கூடுதலான விசை கொடுக்க வேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வாகனத்தில் பிரதான வீதியில் இது பெரிதாகத் தெரியாது. நெல் மூட்டைகள் ஏற்றிக்கொண்டு இரணைமடு வாய்க்கால் ஓரத்துச் சேற்றுத் தடத்தில் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதோ, பவர் ஸ்டியரிங் பம்பைச் சுழற்றும் பட்டி வழுக்கும்போதோ நன்றாகவே தெரியும். மேலும், சிறிய வளையத்தின் விளிம்பு எரிபொருள் மானியையும் வெப்ப மானியையும் மறைத்துவிடுகிறது; பழைய டீசல் எஞ்சின் ஓடுபவர் வெப்ப மானியைப் பார்க்காமல் ஓடக்கூடாது. அதைப் பூட்டுவதற்கு இடையில் வைக்கும் பொருத்தி வளையத்தை ஓட்டுநரின் நெஞ்சுப் பக்கமாகத் தள்ளிவிடுவதும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே பழைய வாகனச் சாமான்கள் விற்கும் கொழும்பு பஞ்சிகாவத்தையில், அதே காலத்து ஹைலக்ஸ் சேர்ஃப் ஒன்றிலிருந்து கழற்றிய, தோலுறை தைத்த வளையத்தைத் தேடி வாங்கினேன். வளையம் பூட்டப்படும் ஸ்டியரிங் தண்டின் பற்கள் எங்கள் வாகனத்தோடு ஒத்துப்போயின; விட்டத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த வாகனத்தின் நல்ல பழைய சாமான், புதிதாகச் செய்த பொதுவான சாமானைவிட மேலானது என்ற எண்ணம் இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

பூட்டும் வேலை கடினமானதல்ல, ஆனால் ஒழுங்கு முக்கியம். முன் சில்லுகளை நேராக நிறுத்தி, பற்றரியின் எதிர்முனையைக் கழற்றி, ஹோர்ன் மூடியை எடுத்தால் நடுவில் 19 மில்லிமீற்றர் நட் தெரியும். அதைத் தளர்த்த வேண்டும். முழுதாகக் கழற்றிவிடக் கூடாது. சில புரிகளில் அதை விட்டுவைத்தால்தான், வளையம் திடீரென விடுபடும்போது முகத்தில் மோதாது. தண்டிலும் வளையத்தின் மையத்திலும் அடையாளக் கோடு போட்ட பிறகு புல்லர் என்னும் இழுவைக் கருவியை மாட்டி வளையத்தை இழுக்க வேண்டும். சுத்தியலால் தண்டின் முனையில் அடிப்பவர்களைப் பல கராஜ்களில் பார்த்திருக்கிறேன். அது மிகவும் தவறான வேலை. விபத்தில் ஓட்டுநரின் நெஞ்சைக் காப்பதற்காக உள்மடியும்படி அமைக்கப்பட்ட தண்டு அது. அடி அந்த அமைப்பைச் சிதைத்துவிடலாம். திரும்பப் பூட்டும்போது, சிக்னல் தானாகத் திரும்புவதற்கான முனைகள் வளையத்தின் பின்புறக் குழிகளில் சரியாக உட்கார வேண்டும், ஹோர்னுக்கான செப்பு வளையம் சுத்தமாக இருக்க வேண்டும், நட்டை ஏறத்தாழ 35 நியூட்டன் மீற்றரில் இறுக்க வேண்டும். சில வாரங்கள் ஓடிய பின்னர் அந்த இறுக்கத்தை இன்னொரு தடவை சோதிப்பது நல்லது.

வளையம் சற்றுச் சரிந்து நின்றால், ஒரு பல் தள்ளிப் பூட்டினால் போதும் என்று பலர் சொல்வார்கள். முன்பு நேராக நின்ற வாகனத்தில், அடையாளக் கோடு பிசகியிருந்தால் மட்டுமே அது பொருந்தும். சரிவு முன்பிருந்தே இருந்தால் குறை கீழே, முன் சில்லுகளைத் திருப்பும் இணைப்புக் கோல்களின் நீளத்தில் இருக்கிறது. தண்டின் சுழற்சியை அந்தக் கோல்களுக்குக் கடத்தும் ஸ்டியரிங் பெட்டி தன் நடுநிலையில்தான் மிகக் குறைந்த தளர்வோடு இயங்கும். பல்லை மாற்றி வளையத்தை மட்டும் நேராக்கினால், வாகனம் நேராக ஓடும்போது பெட்டி நடுநிலையில் இருக்காது. இதேபோல, ஸ்டியரிங்கில் உள்ள ஆட்டம் புது வளையத்தால் குறையும் என்று எதிர்பார்ப்பதும் வீண். எங்கள் வாகனத்தில், பிடி உறுதியான பிறகு அந்த ஆட்டம் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. இணைப்புக் கோல்களின் முனைகளை மாற்றிய பிறகுதான் அது அடங்கியது.

நீண்ட பயன்பாட்டில் எனக்கு அதிக நிறைவு தந்தது தோலின் பிடிதான். ஏ9 வீதியில் பல மணி நேரம் ஓடியும் விரல்கள் மரத்துப்போவதில்லை, வியர்வையில் வழுக்குவதுமில்லை. ஆனால் நிழலில்லாத இடத்தில் நிறுத்தினால் தோல் கடுமையாகச் சுடுகிறது. இரு கைகளும் வழக்கமாகப் பிடிக்கும் இடங்களில் நிறம் மங்கி, தையல் நூல் மெலிந்திருக்கிறது. ஈரத்துணியால் துடைத்து உலர விடுவதே அதற்குப் போதுமான பராமரிப்பு. பளபளப்பாக்கும் சிலிக்கன் தெளிப்பு வேண்டாம், பிடி போய்விடும்.

இவ்வளவும் எயர்பேக் இல்லாத வாகனத்துக்கு மட்டுமே பொருந்தும். எயர்பேக் உள்ள வாகனத்தில் வளையத்துக்குள் வெடிப்பொருளும் பின்னால் சுருள் கம்பியும் இருக்கின்றன. அதை வீட்டு முற்றத்தில் தொடக்கூடாது. வாங்கும்போது ஹோர்ன் மூடியையும் பின்புறச் செப்பு வளையத்தையும் சேர்த்தே கேளுங்கள். அவை இல்லாத வளையத்தை மலிவாகத் தந்தாலும் விட்டுவிடுங்கள். தனியாகத் தேடினால் கிடைப்பது மிகவும் அரிது.