அவலரக்கா, ஆளிவிதை எண்ணெயா, பி.யு.வா? வீட்டில் செய்த மரச்சாமானுக்கு எந்தப் பூச்சு?

பலகையை இழைத்து, மூட்டுகளை ஒட்டி, 220 நம்பர் உப்புத்தாள் வரை தேய்த்தாயிற்று. இனி மேலே என்ன பூசுவது? பெயின்ட் கடையில் கேட்டால் பி.யு., அதாவது பாலியூரிதேன் வார்னிஷ் என்பார்கள். வயதான தச்சரைக் கேட்டால் அவலரக்கை விட்டு இறங்க மாட்டார். எண்ணெய் தேய்த்தாலே போதும் என்று சொல்பவர்களும் உண்டு. மூன்றையுமே எங்கள் வீட்டுச் சாமான்களில் போட்டுப் பழகியிருக்கிறேன். தண்ணீர் தாங்குமா, பளபளப்பு வருமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு: நாளைக்கு ஒரு கீறல் விழுந்தால் நானே சரிசெய்துகொள்ள முடியுமா?

அவலரக்கில் முடியும். அதனால்தான் முதல் முறை பாலிஷ் போடுகிறவர்களுக்கு அதையே சொல்கிறேன். புரசு, இலந்தை போன்ற மரக்கிளைகளில் அரக்குப்பூச்சி சுரக்கும் பிசின் இது. நம் நாட்டில் ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் பக்கம் அதிகம் எடுக்கிறார்கள். வினைல் வருவதற்கு முன் கிராமபோன் தட்டுகள்கூட இந்த அரக்கைச் சேர்த்துத்தான் செய்யப்பட்டன. கடையில் வாங்கினால் அவல் போலவே தட்டையாக, தேன் நிறத்தில் இருக்கும். 100 கிராம் அவலரக்கை அரை லிட்டர் ஸ்பிரிட்டில் (பாலிஷுக்கென்று விற்கும் ஆல்கஹால்) போட்டு, மூடி, ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். இடையில் இரண்டு மூன்று தடவை குலுக்கினால் அடியில் கட்டி தங்காது. காலையில் மெல்லிய துணியில் வடிகட்டிக்கொள்ளலாம்.

பூசுவதற்குப் பஞ்சை உருட்டி, பழைய பருத்தி வேட்டித் துணியில் பொட்டலமாகக் கட்டுங்கள். கலவையைப் பஞ்சுக்குள் ஊற்றிப் பிழிந்தால் துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. பலகையின் ஒரு ஓரத்தில் தொட்டு, ரேகை ஓடும் திசையிலேயே இழுத்து, மறு ஓரத்தில் கையைத் தூக்கிவிட வேண்டும். நடுவில் நின்றால் போச்சு, அந்த இடத்தில் துணி ஒட்டிக்கொண்டு தடம் விழும். சில நிமிடங்களில் காய்ந்துவிடும், அடுத்த கை ஓட்டலாம். ஏழெட்டுக் கை ஆனதும் மரத்துக்கு உள்ளிருந்தே வெளிச்சம் வருவது போல இருக்கும். அந்த ஆழம் மற்ற இரண்டிலும் இப்படி வருவதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. சூடான காபி டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். ஸ்பிரிட் பட்டால் கரையும், கைகளுக்குப் போடும் சானிடைசரும் அப்படித்தான். ஒரு ஐப்பசி மாதம், வெளியே மழை பெய்துகொண்டிருக்கும்போதே ஒரு புத்தக அலமாரிக்குப் பாலிஷ் போட்டேன். காற்றில் இருந்த ஈரம் இறங்கி, அரை மணி நேரத்தில் பலகை முழுவதும் பால் தெளித்தாற்போல் வெளுத்துவிட்டது. மூன்று நாள் கழித்து நல்ல வெயில் அடித்தபோது, பொட்டலத்தில் வெறும் ஸ்பிரிட்டைக் கொஞ்சமாக நனைத்து லேசாக ஓட்டினேன். அரக்கு இளகி, வெளுப்பு மறைந்து, பழையபடி ஆகிவிட்டது. எதையும் சுரண்டவில்லை. பழைய அரக்கு புது அரக்கோடு கரைந்து ஒன்றாகிவிடும் என்பதுதான் இதன் பலம்.

கரைத்த கலவையை ஆறு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், அப்புறம் சரியாக இறுகாது. சந்தேகம் இருந்தால் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மறுநாளும் பிசுபிசுத்தால் கொட்டிவிட வேண்டியதுதான். பாலிஷ் போடும் அறையில் குத்துவிளக்கோ அடுப்போ எரியக் கூடாது, ஸ்பிரிட் குப்பென்று பிடித்துக்கொள்ளும்.

ஆளிவிதை எண்ணெய் மூன்றிலும் சுலபமானது. தாராளமாகத் தேய்த்து, கால் மணி நேரம் விட்டு, மேலே நிற்பதை எல்லாம் துடைத்தெடுத்தால் வேலை முடிந்தது. துடைக்காமல் விட்டால் வாரக்கணக்கில் ஒட்டும். மேலே தோல் போல நிற்காமல் உள்ளே இறங்குவதால் உளிப் பிடி, மண்வெட்டிக் காம்பு போன்றவற்றைப் பிடிக்க இதமாக இருக்கும். தண்ணீரை அவ்வளவாகத் தடுக்காது, மழைக்காலத்தில் பூஞ்சையும் பிடிக்கலாம். தேக்கில் ஏற்கெனவே எண்ணெய்ப் பசை இருப்பதால் காய இன்னும் தாமதமாகும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது, அப்போது சூடு உண்டாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்து வெட்டவெளியில் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

பி.யு.வின் உறுதிக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் வராது. சூடு, தண்ணீர், சாம்பார், எலுமிச்சைச் சாறு எல்லாம் தாங்கும். இறுகுவதற்காகச் சேர்க்கும் ஹார்டனரைக் கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கும், அது நுரையீரலுக்கு ஆகாது. துணி முகக்கவசம் இதற்குப் போதாது, ரசாயன ஆவியைத் தடுக்கும் ஃபில்டர் வைத்த கவசம் வேண்டும். ஜன்னல் இல்லாத அறையில் ஸ்பிரே அடிப்பதை நினைத்தே பார்க்காதீர்கள். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் தொட்டுச் சரிசெய்வது மிகவும் கடினம். பெரும்பாலும் பலகை முழுவதையும் 320 நம்பரில் தேய்த்து மறுபடி பூச வேண்டியிருக்கும்.

அதனால் எங்கள் வீட்டில் பி.யு. போட்டது சாப்பாட்டு மேசையின் மேல்பலகைக்கு மட்டும். தினமும் ஈரத்துணி படும் இடத்தில் அவலரக்கைப் போட்டுவிட்டு ஒவ்வொரு டம்ளருக்கும் பயப்பட முடியாது. அதே மேசையின் கால்களுக்கும் சட்டத்துக்கும் அவலரக்குதான். நிறம் ஒத்துப்போக, மேல்பலகையிலும் பி.யு.வுக்கு அடியில் ஒரு கை அரக்கு ஓட்டினேன். அப்படிச் செய்வதானால் மெழுகு நீக்கிய அவலரக்கு என்று கேட்டு வாங்குங்கள். சாதாரண அரக்கில் இருக்கும் மெழுகின் மேல் பி.யு. சரியாகப் பிடிக்காமல் உரிந்துவரும்.