பினாங்கில் பசியாறலும் மதியச் சாப்பாடும்: எதோடு எது சேரும்?

மலேசியாவின் பினாங்கிலுள்ள ஜோர்ஜ்டவுனுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். நாசி கண்டாருக்கு, அதாவது பல குழம்புகளைக் கலந்து ஊற்றித் தரும் சோற்றுக்கு, எந்தக் கடை: ஹமீதியாவா, லைன் கிளியரா, டீன் மாஜுவா? நான் பதிலுக்குக் கேட்பது, அன்று காலையில் என்ன பசியாறப் போகிறீர்கள் என்றுதான். காலையில் ரொட்டி சானாய் என்ற மெல்லிய பரோட்டாவை ஆட்டுக்கறிக் குழம்பில் ஊறவிட்டுச் சாப்பிட்டவர், மதியம் நாசி கண்டார் வரிசையில் போய் நின்றால் எந்தக் கடைச் சோறும் சுமாராகத்தான் தெரியும். இரண்டும் ஒரே அடுப்படியிலிருந்து வந்தவை. அதே பட்டை, சோம்பு, அதே மிளகாய்த்தூள். நாக்கு காலையிலேயே அலுத்துவிடுகிறது. அதனால் கடைக்கும் கடைக்கும் போட்டி வைப்பதைவிட, காலையையும் மதியத்தையும் சேர்த்து ஜோடி ஜோடியாக வைத்துப் பார்ப்பதே சரி.

இடம் சிறியது என்பதால் இதற்கு வண்டிகூட வேண்டாம். கேம்பல் தெரு, பினாங்கு ரோடு, டிரான்ஸ்பர் ரோடு, லிட்டில் இந்தியா எல்லாம் நடந்து போகிற தூரம்தான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: பினாங்கு ரோடு வேறு, பினாங்குத் தெரு வேறு. முன்னதில் லைன் கிளியர், பின்னதில் லிட்டில் இந்தியா. தோசைக்குக் கிளம்பியவர் செண்டோல் (தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்த ஐஸ் இனிப்பு) கடை வாசலில் போய் நிற்பது இங்கே சகஜம்.

காலையில் என் முதல் வாக்கு தோ சூன் கடைக்கு. கேம்பல் தெருவை ஒட்டிய ஒரு சந்து. அந்தச் சந்துதான் கடை. எண்ணெய் பீப்பாயை அடுப்பாக்கி, உள்ளே கரி போட்டு ரொட்டி வாட்டுகிறார்கள். மின்சார டோஸ்டரில் வருவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் முதல் கடியிலேயே தெரிந்துவிடும்: விளிம்பில் லேசாகக் கருகல், நடுவில் மெத்து, கரிப்புகை வாசம். மேலே வெண்ணெயும் காயாவும். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் இலை சேர்த்துக் கிண்டுவது காயா என்பது நம்மவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரிலிருந்து முதல் தடவை வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். கூடவே அரைவேக்காட்டு முட்டை இரண்டு, கிச்சாப் (சோயா சாறு) சில சொட்டு, வெள்ளை மிளகுத்தூள், பால் சேர்க்காத ஒரு கோப்பி ஓ. முட்டையைக் கலக்கி ரொட்டியை அதில் தோய்க்க வேண்டும். அரைவேக்காடு என்றதும் முகம் சுளிப்பவர்கள் காயா ரொட்டியோடு நின்றுகொள்ளலாம், நஷ்டமில்லை.

குறை என்று பார்த்தால் கூட்டம். மேசை கிடைக்க யாராவது சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டியிருக்கும், அது இரண்டு பக்கத்துக்கும் சங்கடம். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. வார இறுதிக்கு மட்டும் வந்து போகிறவர்கள் சனிக்கிழமையே முடித்துக்கொள்ள வேண்டும்.

சந்தில் காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் ஹட்டன் லேன் ரொட்டி பாக்கார் இருக்கிறது. சாமான் ஏறக்குறைய அதேதான். ஆனால் வாட்டிய ரொட்டியின் மேலேயே அரைவேக்காட்டு முட்டையை உடைத்து ஊற்றித் தருவார்கள். இடம் தாராளம், காற்றோட்டம் உண்டு, குழந்தைகளோடு போகலாம். ரொட்டியை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் தோ சூன்தான் ஒரு படி மேல். குடும்பத்தோடு வந்திருப்பவர்களுக்கு நான் ஹட்டன் லேனைச் சொல்வேன்.

இதற்கு நேர் எதிர் முனையில் நிற்பது டிரான்ஸ்பர் ரோடு ரொட்டி சானாய். சாலையோரம் மேசை நாற்காலி, பக்கத்திலேயே வாகனங்கள், கல்லில் ரொட்டி. ஊர்ப் பரோட்டாவை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இது மெல்லிசு, உள்ளே காற்று, வெளியே மொறுமொறுப்பு. அதைத் துண்டு துண்டாக்கி, மேலே குழம்பை ஊற்றி, கோழியோ ஆடோ மாடோ ஒரு துண்டு வைத்துத் தருவார்கள். மொறுமொறுப்பு பாதி போய் ஊறல் பாதி வந்த அந்த நேரத்தில் சாப்பிட வேண்டும். படம் எடுத்துக்கொண்டிருந்தால் கூழ்தான் மிஞ்சும். சுவையில் தோ சூனைவிட இது பல மடங்கு காரசாரம் என்பதை மறுக்க முடியாது. ஆனால் இங்கே பசியாறினால் மதியம் இரண்டு மணி வரை வயிறு வேறு எதையும் கேட்காது, நாக்கும் கேட்காது. ஆகவே நாசி கண்டார் திட்டம் உள்ள நாளில் இந்தப் பக்கம் வராதீர்கள்.

நடுவழி தேடுகிறவர்களுக்கு வாழையிலைப் பொட்டலத்தில் நாசி லெமாக். லெபோ பந்தாயில் ஸ்ரீ வெல்ட் உணவுக்கூடத்தில் கிடைப்பது பேர் போனது. தேங்காய்ப்பால் சோறு, காரமான சம்பல், நெத்திலியோ இறாலோ கருவாடோ. பொட்டலம் கைக்குள் அடங்கும் அளவுதான். பக்கத்து அலுவலகங்களில் வேலை பார்ப்பவர்கள் இரண்டாக வாங்கிக்கொண்டு போவார்கள். நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) எல்லாம் அடங்கிய மலேசியப் பசியாறல் பண்பாட்டை 2024-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஜோர்ஜ்டவுன் நகரமே 2008-இல் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியதுதான். பட்டம் வந்ததால் சம்பலில் காரம் கூடிவிடவில்லை, வெளியூர்க் கூட்டம்தான் கூடியது.

லிட்டில் இந்தியாவில் உட்லேண்ட்ஸ், ஸ்ரீ ஆனந்த பவன் இரண்டிலும் இட்லி, தோசை, பொங்கல் ஒழுங்காகவே இருக்கும். சென்னையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய எனக்கு மனம் வருவதில்லை. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள், அப்புறம் மூன்றாம் நாள் வயிறு ஓய்வு கேட்கிறவர்கள் தயங்காமல் போகலாம்.

சரி, மதியத்துக்கு வருவோம்.

நாசி கண்டார் தொடக்கத்தில் மதியச் சாப்பாடே இல்லை. தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போட்டு, ஒரு பக்கம் சோறும் மறு பக்கம் குழம்புமாகத் துறைமுகத்துக்கும் தெருக்களுக்கும் கொண்டுபோய், மூட்டை தூக்குகிறவர்களுக்குக் காலையில் விற்றது அது. உடம்பு வேலைக்கான சாப்பாடு, அதனால்தான் இவ்வளவு கனம். காவடி போய்க் கடை வந்த பிறகும் சில இடங்களில் சீனர் கோப்பிக்கடையின் ஒரு மூலையில் மாமாக் (தமிழ் முஸ்லிம்) சோற்றுக்கடை இருப்பதைப் பார்க்கலாம். கோப்பிக்கு ஒருவரிடம் காசு, சோற்றுக்கு இன்னொருவரிடம் காசு. பினாங்கை எனக்குப் பிடித்துப்போக இந்த ஏற்பாடும் ஒரு காரணம்.

கடைகளை ஒப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் பொரித்த கோழியை வைத்து மார்க் போடுகிறார்கள். அது தப்பு. கோழியை யாரும் நன்றாகப் பொரிக்கலாம். நாசி கண்டாரின் உயிர் குழம்புக் கலவையில் இருக்கிறது. மீன் குழம்பு ஒரு கரண்டி, கோழிக் குழம்பு ஒரு கரண்டி, கறுப்பாக இனிப்புத் தட்டும் இறைச்சிக் குழம்பு கொஞ்சம், பருப்புக் குழம்பு கொஞ்சம். எதை எவ்வளவு என்பதைக் கரண்டி பிடிப்பவர் கை தீர்மானிக்கிறது. ‘குவா சம்போர்’ என்றால் கலந்து ஊற்றுவார், ‘பஞ்சிர்’ என்றால் சோறு மூழ்கும் வரை ஊற்றுவார். முதல் தடவை பஞ்சிர் கேட்காதீர்கள். எந்தக் குழம்பு எப்படி என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போகும்.

இன்னொரு விஷயம். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் அதைத் தட்டில் வைக்காமல் விட்டால் மட்டும் போதாது. கலவையில் அதன் குழம்பும் சேர்ந்துவிடும், ஊற்றும் முன்பே சொல்லிவிட வேண்டும். தமிழிலேயே சொல்லலாம், பல கடைகளில் கரண்டிக்குப் பின்னால் நிற்பவர் நம் ஊர்ப்பக்கத்துக்காரர்.

ஹமீதியா 1907-இல் தொடங்கியது, கேம்பல் தெருவில் இருக்கிறது. நாட்டின் மிகப் பழைய நாசி கண்டார் கடை என்று பெயர். குழம்பில் மசாலா வாசம் தூக்கலாக இருக்கும், காரம் அடங்கியிருக்கும். மூன்றில் இதைத்தான் நிதானமான கை என்பேன். இறைச்சியும் முட்டையும் அடைத்த முர்தாபா ரொட்டியும் இங்கே பிரசித்தம். ஆனால் நாசி கண்டாரும் முர்தாபாவும் ஒரே நேரத்தில் வாங்கி இரண்டையும் பாதியில் விட்டு எழுந்து போகிறவர்களை நிறையப் பார்க்கலாம். ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் நடந்து வந்த பெரியவர்களை உட்கார வைக்கவும் இதுவே தோது.

லைன் கிளியர் பினாங்கு ரோட்டில், சூலியா தெரு சந்திப்புப் பக்கம், இரண்டு கட்டடங்களுக்கு நடுவிலுள்ள சந்தில் ஓடுகிறது. மீன்தலைக் குழம்புக்கும் நள்ளிரவுப் பசிக்கும் பேர் பெற்ற கடை. அந்தப் பேர் சரியானதுதான், ஆனால் நடுப்பகல் உஷ்ணத்தில் சந்துக்குள் உட்கார்ந்து கொதிக்கிற குழம்போடு மல்லுக்கட்டுவது வேறு அனுபவம். இரவில் முதலிடம் தருவேன், மதியத்தில் மூன்றாமிடம்.

குருத்வாரா ரோட்டில் உள்ள டீன் மாஜுவைத்தான் உள்ளூர்க்காரர்கள் அதிகம் சொல்வார்கள். மதிய வரிசையைப் பார்த்தாலே ஏனென்று தெரியும். குழம்பு கெட்டி, காரம் தெளிவு, கோழி வேகமாகத் தீர்ந்து வேகமாக வருவதால் எப்போதும் சூடு. இங்கே கரண்டிக்காரர்கள் தயங்குகிறவர்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்துகொண்டு போக வேண்டும். கலவைக்காக மட்டும் மார்க் போடச் சொன்னால் என் ஓட்டு டீன் மாஜுவுக்கு; உட்கார்ந்து பேசிச் சாப்பிட வேண்டும் என்றால் ஹமீதியாவுக்கு.

விலை? பொதுவாக நாசி கண்டார் கடைகளில் தட்டைப் பார்த்துக் கண்ணாலேயே கணக்குப் போடுவார்கள். ஒரு துண்டு கோழி, வெண்டைக்காய், முட்டை என்று நின்றுகொண்டால் வலிக்காது. பெரிய இறால், கணவாய், மீன் சினை மூன்றும் எடையையும் அளவையும் பொறுத்து எகிறும். தட்டில் விழும் முன்பே ‘இது எத்தனை வெள்ளி (ரிங்கிட்)?’ என்று கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை, உள்ளூர்க்காரர்களும் கேட்கிறார்கள்.

காலையில் டிரான்ஸ்பர் ரோட்டில் முடித்தவர்களுக்கு மதியம் என்ன? அசாம் லக்சா. அயிலை வகை மீனை வேகவைத்து உதிர்த்த புளிச்சாறு, தடித்த அரிசி நூடுல்ஸ், மேலே அன்னாசி, வெள்ளரி, புதினா, இஞ்சிப்பூ. ஓரத்தில் கருப்பாக ஒரு கரண்டி இறால் விழுது வரும். முதலில் பாதியைக் கலந்து பாருங்கள், வாசம் சிலருக்குப் பிடிக்காது. தேங்காய்ப்பால் இல்லாததால் வயிற்றில் கனக்காது, காலையில் சாப்பிட்ட மசாலாவை அந்தப் புளிப்பு துடைத்துவிடும். பினாங்கு ரோடு முனையில் ஜூ ஹூய் கடையில் லக்சாவும் சார் குவே தியாவும் (வதக்கிய தட்டை அரிசி நூடுல்ஸ்) ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. குவே தியாவைப் பன்றிக்கொழுப்பில் வதக்குவது சீனர் கடைகளில் வழக்கம், வேண்டாதவர்கள் கேட்டுக்கொள்ளவும். அதை ஒட்டிய கெங் குவீ தெருவில்தான் 1936 முதல் இருக்கும் செண்டோல் கடை. நின்றுகொண்டே ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போகலாம்.

ஆக என் ஜோடிகள் இவை. தோ சூன் காலை, டீன் மாஜு மதியம்: ஒரே ஒரு நாள் மட்டும் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை. டிரான்ஸ்பர் ரோடு காலை, லக்சாவும் செண்டோலும் மதியம்: இரண்டாம் நாளுக்கு. நாசி லெமாக் பொட்டலம் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளத் தெரிந்தவர்கள் மதியம் ஹமீதியா போகலாம். இரண்டாவது பொட்டலத்தைப் பிரித்தவர்கள் அன்றைக்கு வாழையிலைச் சாப்பாட்டை ரசத்தோடு முடித்துக்கொள்வதே நல்லது. காலையில் ரொட்டி சானாய், மதியம் நாசி கண்டார் என்ற ஜோடியை மட்டும் நான் யாருக்கும் சொல்வதில்லை. சொல்லாவிட்டாலும் பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

வெள்ளிக்கிழமை நடுப்பகலில் ஜும்ஆ தொழுகைக்காகப் பல மாமாக் கடைகள் கொஞ்ச நேரம் மூடியிருக்கும், நோன்பு மாதத்தில் பகல் நேரமே மாறிவிடும். அந்த நாள்களில் லக்சா ஜோடியை முன்னால் தள்ளி, நாசி கண்டாரை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.