விலை உயர்ந்த வாட்சுக்கு வார் மாற்றப் போகிறீர்களா? கிளாஸ்பை முதலில் போட்டோ எடுங்கள்

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொறுமை இல்லாதவர்கள் இதோடு கிளம்பலாம். ஓமேகாவோ டூடரோ கார்டியேவோ, தோல் வாரை மாற்றக் கொடுக்கும்போது கடைக்காரர் உங்கள் வாட்சை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போகிறார் என்றால், விடாதீர்கள். புது வாரில் ஏமாற்றுவது பாதிக் கதைதான். பழைய வாரில் இருந்த கம்பெனி கிளாஸ்ப் (வாரைப் பூட்டும் கொக்கி), வாரை வாட்சோடு பிடித்து நிறுத்தும் சின்னக் கம்பியான ஸ்பிரிங் பார், இரண்டும் உள்ளே போய் வெளியே வரும்போது வேறு ஆளாக வரும். எனக்கு வந்தது. இது ஏதோ பிளாட்பார்ம் பெட்டிக்கடை இல்லை, சென்னையில் ஏசி போட்டு, கண்ணாடி அலமாரி வைத்து, போனதும் தண்ணீர் கொடுத்து உட்கார வைக்கும் கடை.

வாட்ச் ஓமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல், 42 மி.மீ., கையால் சாவி கொடுக்கும், 1861 என்ற எண் கொண்ட மெஷின். தோல் வாரும் மடக்குக் கிளாஸ்பும் போட்டு வந்த மாடல். சென்னை வியர்வைக்குத் தோல் வார் என்ன கதிக்கு ஆளாகும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டாம்: உள்தோல் கறுத்து, நாற்றம் எடுத்து, ஓரத்தில் பூசிய சாயம் உரிந்து தொங்கும். எனக்கு வேண்டியது புது வார் மட்டும், அதை என் பழைய கிளாஸ்பிலேயே கோத்துத் தர வேண்டும். கம்பெனியில் முதலைத் தோல் வார் மட்டுமே முப்பதாயிரம் பக்கம் போகும் என்பதால்தான் வெளியே விசாரித்தேன். கடைக்காரர் ஒரு பாக்கெட்டை எடுத்து, “ஒரிஜினல் கம்பெனி வார் சார், ஜெனுவின் அலிகேட்டர், துபாய் டீலர் ஸ்டாக், உங்களுக்காக 11,500” என்றார். பில் கேட்டதற்கு வந்தது ஒரு எஸ்டிமேட் சீட்டு. அதில் “வாட்ச் பெல்ட் - 1” என்று மட்டும் எழுதியிருந்தது. அலிகேட்டரும் இல்லை, ஓமேகாவும் இல்லை.

முதலில் அளவைப் பற்றி, ஏனென்றால் பாதி ஏமாற்று இங்கேதான் தொடங்குகிறது. வாரை இரண்டு பக்கமும் பிடித்திருக்கும் கொம்பு போன்ற முனைகளை லக் என்பார்கள், அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் வாரின் அகலம். ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனலுக்கு அது 20 மி.மீ. இதை எல்லாக் கடையிலும் பார்ப்பார்கள். யாரும் பார்க்காதது மறுமுனை: கிளாஸ்பில் நுழையும் இடத்தில் வார் குறுகி வரும், என் கிளாஸ்புக்கு அங்கே 18 வேண்டும். எனக்குக் கொடுத்தது 20-க்கு 16. கடையில் கட்டிப் பார்க்கும்போது எதுவும் தெரியாது, வெளியே வந்து கையை ஆட்டினால் கிளாஸ்புக்குள் வார் இடமும் வலமும் நகரும். இன்னொன்று, ஒரே பிராண்டு என்றால் ஒரே அளவு என்று நினைக்காதீர்கள். ரோலெக்ஸ் சப்மரினர் 40 மி.மீ.யாக இருந்தவரை லக் இடைவெளி 20, 2020-ல் 41 மி.மீ. ஆனபோது அது 21 ஆகிவிட்டது. என் நண்பனுடைய புது சப்மரினரில் “எல்லா ரோலெக்ஸுக்கும் இருபதுதான் சார்” என்று சொல்லி 20 போட்டு அனுப்பியிருக்கிறார்கள், இரண்டு பக்கமும் அரை மில்லிமீட்டர் சந்து, அதில் ஸ்பிரிங் பார் பளபளவென்று எட்டிப் பார்க்கிறது. கார்டியே சான்டோஸில் 2018-க்குப் பிறகு வந்தவற்றில் வார் கழற்றும் பொறி வாரிலேயே இருக்கும், சாதாரண வார் எதுவும் ஒழுங்காக உட்காராது. உட்காரும் என்று சொல்பவர் ஏதோ ஒன்றை அராவப் போகிறார் என்று அர்த்தம்.

இப்போது அந்த “அலிகேட்டர்”. அது மாட்டுத் தோலில் சூடான அச்சு வைத்து அழுத்தி எடுத்த முதலைக் கோடு. மாட்டுத் தோல் மட்டமான பொருள் இல்லை, நல்ல மாட்டுத் தோல் வார் தாராளமாக உழைக்கும். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பதனிடும் தோலைத் தெரிந்தவர்களுக்கு அதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மாட்டுத் தோலை மாட்டுத் தோல் விலைக்குக் கொடு. கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. வாரை மெல்ல வளையுங்கள். நிஜ முதலைத் தோலில் செதிலுக்கும் செதிலுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில்தான் மடிப்பு விழும். அச்சு வைத்ததில் செதிலுக்குக் குறுக்கே பொடிப்பொடியாகச் சுருக்கம் விழும், கெட்டியாக இழுத்தால் கோடு மங்கும். அப்புறம் மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உண்மையான தோலில் இரண்டு செதில் ஒரே மாதிரி இருக்காது. எனக்குக் கிடைத்ததில் ஒரு செதிலின் மூலையில் இருந்த கீறல், இன்னொரு துண்டிலும் அதே மூலையில், அதே நீளத்தில் இருந்தது. இதைக் காட்டிக் கேட்டதற்குக் கடைப் பையன் சொன்ன பதில்தான் உச்சம்: “சார், இது இந்தியன் முதலை, அதான் அப்படி இருக்கும்.” தம்பி, இந்திய முதலைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கடுமையான பாதுகாப்பு இருக்கிறது, அதன் தோலை விற்றாலே குற்றம். நீ சொன்னது உண்மையாக இருந்திருந்தால் உன் முதலாளி ஜெயிலில் இருக்க வேண்டும். வாட்ச் கம்பெனிகள் பயன்படுத்துவது பெரும்பாலும் அமெரிக்க அலிகேட்டர், அதுகூட ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப்படி பத்திரம் வேண்டும். துபாய் ஸ்டாக் என்று யாராவது சொன்னால் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள், முகம் எப்படிப் போகிறது என்று பாருங்கள்.

இதோடு போயிருந்தால் பணம் போச்சு என்று விட்டிருப்பேன். ஒருநாள் வீட்டில் சட்டைக் கையை மடக்கும்போது வாரின் மேல் பக்கம் அப்படியே கழன்று, வாட்ச் மொசைக் தரையில் விழுந்தது. ஸ்பிரிங் பார் ஒரு முனை லக்கின் துளையிலிருந்து நழுவிவிட்டது. இந்த மாடலில் மேல் கண்ணாடி ஹெசலைட், அதாவது ஒருவகை பிளாஸ்டிக். கீறல் விழும், ஆனால் சில்லுச் சில்லாக உடைந்து பறக்காது. 1965-ல் நாசா தேர்ந்தெடுத்த வாட்ச் என்று பெருமை பேசுவோமே, அந்தப் பெருமையில் பாதி அன்றைக்கு என் ஹாலில் பயன்பட்டது. ஒரு கீறலோடு தப்பித்தது, ஓட்டத்திலும் குறையில்லை. சபையர் கண்ணாடி போட்ட வாட்ச் அதே இடத்தில் ஓரம் பட விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

எங்கள் தெரு முனையில் ஒரு பெரியவர் சின்ன மேஜை போட்டு வாட்ச் ரிப்பேர் பார்க்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தவர், “தம்பி, இந்தப் பின் கம்பெனியோடது இல்ல. இதோட முனை பாரு, ஊசி மாதிரி. ஓட்டை பெருசு, பின் சிறுசு, ஆடத்தான் செய்யும்” என்றார். இந்த ஸ்பிரிங் பார்களில் சமாச்சாரம் இருக்கிறது. நீளம் ஒன்றாக இருந்தாலும் உடம்புத் தடிமன் 1.5 மி.மீ., 1.8 மி.மீ., 2 மி.மீ. என்று பல ரகம், முனையின் தடிமன் தனி. முனை துளைக்குச் சரியாக நிற்க வேண்டும், உள்ளே ஸ்பிரிங் நன்றாகத் தள்ள வேண்டும். கழற்றிய கம்பெனி பாரையே திரும்பப் போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை. அதை வைத்துக்கொண்டு, டப்பாவில் நூறாகக் கிடக்கும் பத்து ரூபாய் பின்னை மாட்டியிருக்கிறார்கள். லட்சக்கணக்கான ரூபாய் வாட்ச் உங்கள் கையில் நிற்பது அந்தப் பின்னை நம்பித்தான்.

பெரியவர் அதோடு விடவில்லை. லக்கின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் புதுக் கீறல்கள், ஒன்று நகம் மாட்டும் அளவுக்கு ஆழம். “ஸ்குரூ டிரைவர் வச்சு நெம்பியிருக்கான்.” இந்த வேலைக்கென்றே கருவி இருக்கிறது, பெர்ஜியான் 6767 என்று கேட்டால் வாட்ச் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் தெரியும், நுனியில் மெல்லிய கவை இருக்கும், அதால் பாரின் தோளைப் பிடித்து உள்ளே அழுத்தினால் வார் வந்துவிடும். லக்கின் உள்பக்கம் டேப் ஒட்டிக்கொண்டு செய்தால் ஒரு கோடு விழாது. அவர் அப்படித்தான் செய்தார், என் கண் முன்னால், நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்க. வாங்கியது 50 ரூபாய்.

கடைசியாகக் கிளாஸ்பைப் பிரித்துப் பார்த்தார். எனக்கே அது மூடும் சத்தத்தில் ஏதோ வித்தியாசமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது, புது வார் விறைப்பாக இருப்பதால் என்று எடுத்துக்கொண்டேன். வெளிப்பக்கம் ஓமேகா சின்னம் இருக்கிறது, ஆனால் ஓரம் மழுங்கி, மேலோட்டமாக. உள் தகட்டில் என்னுடையதில் பொறித்திருந்த எண் இதில் இல்லவே இல்லை. வாட்ச் வாங்கியபோது பெட்டியோடு எல்லாக் கோணத்திலும் எடுத்த படங்கள் போனில் இருந்ததால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று. கம்பெனி மடக்குக் கிளாஸ்ப் மட்டும் தனியாக விற்றாலே நல்ல காசு, வாங்க ஆள் இருக்கிறது. என் கணக்குப்படி அந்தக் கடைக்கு வாரில் வந்த லாபத்தைவிட இதில் வந்தது அதிகம். வார் வெறும் தூண்டில்.

படங்களோடு கடைக்குப் போனேன். முதலாளி முதலில் “நீங்க கொண்டுவந்ததே அதுதான் சார்” என்றார். படத்தைக் காட்டியதும் “பசங்க ஏதாவது மாத்திப் போட்டிருப்பாங்க, தேடிப் பார்க்கிறேன்” என்று இறங்கினார். கீறலைக் காட்டியதும் அவர் சொன்னதுதான் இந்தப் பதிவை எழுதவே காரணம்: “குடுங்க, அஞ்சு நிமிஷம், பாலிஷ் போட்டுப் புதுசு மாதிரி தர்றேன், ஃப்ரீ.” தயவுசெய்து இதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். ஸ்பீட்மாஸ்டரின் பக்கவாட்டு மெல்லிய கோடுகள் போட்ட மங்கலான பரப்பு, லக்கில் முறுக்கிக்கொண்டு போகும் பட்டை மட்டும் கண்ணாடி மாதிரி பளபளப்பு, இரண்டுக்கும் நடுவே கத்தி முனை போல ஒரு கோடு ஓடும். துணிச் சக்கரத்தில் பிடித்துத் தேய்த்தால் கீறல் போகும், கூடவே அந்தக் கோடும் போகும், உலோகம் போனது போனதுதான். நாளைக்கு விற்கப் போனால் வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான். கீறலோடு இருக்கும் லக்குக்கு விலை உண்டு, சோப்புக் கட்டி போலத் தேய்ந்த லக்குக்கு இல்லை.

கொஞ்சம் சத்தம் போட்ட பிறகு 6,000 திரும்பக் கொடுத்தார்கள். கிளாஸ்ப் “தேடிக்கொண்டே” இருக்கிறார்கள். பில் இல்லாததால் ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் நினைத்திருப்பார், ஆனால் பணம் யுபிஐயில் போயிருக்கிறது, எஸ்டிமேட் சீட்டில் கடை முத்திரை இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தாயிற்று. அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. கையில் இப்படி ஒரு சீட்டு வைத்துக்கொண்டு சும்மா இருப்பவர்கள் யோசித்துப் பாருங்கள்.

வார் மாற்றுகிறவர்கள் போகும் முன் செய்ய வேண்டியது என்று கேட்டால், போட்டோ. கிளாஸ்பின் உள்பக்கம், லக்கின் நான்கு முனை, பின்மூடி, நல்ல வெளிச்சத்தில். கடையில் அந்தப் படங்களை அவர்கள் பார்க்கும்படி எடுத்தால் இன்னும் நல்லது. மாட்டி முடித்ததும் வாரைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் இழுத்துப் பாருங்கள், ஆடினால் கையில் கட்டாதீர்கள். லக் பக்கம் வார் ரொம்பத் தடிமனாக இருந்தால் வாட்சின் உடம்போடு உரசி பாரை வெளியே தள்ளும், அதையும் கவனியுங்கள். கழற்றிய பாரையும் பழைய வாரையும் ஒரு கவரில் போட்டுக் கேட்டு வாங்குங்கள், அது உங்கள் பொருள். அவசரம் இல்லையென்றால் கருவியை வாங்கி வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். வியர்க்கும் மாதங்களில் எனக்கு நைலான் வாரே போதும் என்று ஆகிவிட்டது, 20 மி.மீ. நல்லதாக ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, அழுக்கானால் சோப்புப் போட்டு அலசிக் காயப் போடலாம்.

கடைப் பெயரைக் கேட்டு மெசேஜ் அனுப்ப வேண்டாம், புகார் முடியும்வரை சொல்ல மாட்டேன். யாரிடமாவது 18 மி.மீ. ஓமேகா மடக்குக் கிளாஸ்ப், உண்மையானது, சும்மா கிடந்தால் சொல்லுங்கள். உள் தகட்டுப் படத்தோடு.