முதுகெலும்பு நசுங்கினால்: படுக்கையா, பெல்ட்டா, சிமென்ட்டா?

எலும்பு மெலிந்து பலமிழக்கும் எலும்புப்புரை நோயால் முள்ளெலும்பு நசுங்கியவரின் வீட்டில் எழும் முதல் கேள்வி, "ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா?" என்பதுதான். பெரும்பாலானோருக்கு வேண்டாம் என்பதே என் முடிவு. ஆனால், வேண்டாம் என்றவுடன் நோயாளியைக் கட்டிலில் கிடத்திவிடுகிறோமே, அது ஆபரேஷனைவிட அதிகக் கெடுதல் செய்துவிடும்.

விபத்திலோ மரத்திலிருந்து விழுந்தோ ஏற்படும் முறிவுக்கு இங்கே சொல்லப்போவது பொருந்தாது. கால் மரத்துப்போனாலும் பலம் குறைந்தாலும், சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சல், எடைக் குறைவு, படுத்தாலும் அடங்காத இரவு வலி இருந்தால் காசநோயோ புற்றுநோயோ எலும்பை அரித்திருக்கலாம். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் அரிதல்ல என்பதால், இந்தச் சந்தேகம் தீராமல் வேறு எந்தச் சிகிச்சைக்கும் போகக் கூடாது.

முதலில் முழு ஓய்வைப் பார்ப்போம். ஓரிரு நாள் படுத்திருப்பதில் தவறில்லை, வலி அப்படி இருக்கும். அதுவே வாரக்கணக்கில் நீண்டால் தசை கரைகிறது, ஏற்கெனவே மெலிந்த எலும்பு இன்னும் மெலிகிறது, காலில் ரத்தக்கட்டும் நெஞ்சில் சளியும் சேர்கின்றன. வலி மாத்திரையைச் சரியான அளவில் கொடுத்து, வீட்டுக்குள்ளேயாவது நடக்க வைப்பதுதான் சரி. எழும்போது நேராக நிமிரக் கூடாது. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். வீட்டில் ஒருவர் இதைக் கற்றுக்கொண்டு தினமும் உடனிருந்தால், முதல் மாதத்தின் வேதனையில் பெரும்பங்கு குறையும். பெரும்பாலான முறிவுகள் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் கூடிவிடுகின்றன.

பெல்ட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2014-ல் வெளியான தென்கொரிய ஆய்வொன்றில் கடினப் பெல்ட், மென்மையான பெல்ட், பெல்ட்டே இல்லாத நிலை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டபோது, பன்னிரண்டு வாரங்களில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. போட்டால் தெம்பாக இருக்கிறது என்பவர் நடக்கும்போது போட்டுக்கொள்ளட்டும். நம் ஊர் வெயிலில் வியர்த்துப் புழுங்குகிறது என்று கழற்றி வைப்பவரைத் திட்ட வேண்டாம்.

அடுத்தது, வீட்டார் ஆபரேஷன் என்று கேட்கும் சிமென்ட். 1984-ல் பிரான்சின் அமியான் நகரில் தொடங்கிய வெர்டிப்ரோபிளாஸ்டி முறையில், எக்ஸ்-ரே படத்தைப் பார்த்தபடியே முதுகு வழியாக ஊசி செலுத்தி, நசுங்கிய எலும்புக்குள் சிமென்ட்டை நிரப்புகிறார்கள். பற்பசைப் பதத்தில் உள்ளே போகும் அது, சில நிமிடங்களில் கல்லாக இறுகிவிடுகிறது. கைஃபோபிளாஸ்டியில் முதலில் பலூனை ஊதி இடம் உண்டாக்கிக்கொள்வார்கள், செலவு கூடுதல். எலும்பின் உயரம் கொஞ்சம் மீளலாம், ஆனால் வலி குறைவதில் இரண்டுக்கும் பெரிய இடைவெளி இல்லை.

கேட்க அருமையாக இருக்கிறது. 2009-ல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள்தான் இந்த நம்பிக்கையை உலுக்கின. ஒரு பிரிவினருக்கு உண்மையான சிகிச்சை, மறு பிரிவினருக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும். அவற்றுள் ஒன்றில், சிமென்ட் கலவையின் வாடை அறையில் வரவேண்டும் என்பதற்காகப் புட்டியைத் திறந்துகூட வைத்தார்கள். இரு பிரிவினருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது! 2018-ல் நெதர்லாந்தில் 180 பேரிடம் நடந்த ஆய்வும் இதையே சொன்னது. எதிர்த்தரப்பில் நிற்பது 2016-ன் ஆஸ்திரேலிய ஆய்வு: முறிந்து ஆறு வாரத்துக்குள், கடும் வலியோடு வந்த 120 பேரில் சிமென்ட் பெற்றவர்களுக்குப் பலன் தெரிந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தெளிவாவது இதுதான். முறிவு புதிது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்ட வேண்டும். வலுவான மாத்திரைக்கும் அடங்காத வலியால் எழவே முடியாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட முதியவருக்கு, ஆறு வாரத்துக்குள் சிமென்ட்டைப் பற்றிப் பேசலாம். நான்கு மாதம் கழித்து, பழைய எக்ஸ்-ரேயைக் காட்டிச் சிமென்ட் போடச் சொன்னால் வேறொரு மருத்துவரிடமும் கேளுங்கள். சிமென்ட் எலும்புக்கு வெளியே கசிவது உண்டு. பெரும்பாலும் தொந்தரவில்லை என்றாலும், அபூர்வமாக நரம்பை அழுத்தலாம், நுரையீரலுக்கும் போகலாம்.

வலி தணிந்த பிறகு உடற்பயிற்சி. எந்தப் பயிற்சி என்பதில் கவனம் தேவை. 1984-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் வெளியிட்ட ஆய்வில், முதுகைப் பின்னோக்கி நிமிர்த்தும் பயிற்சி செய்த பெண்களில் 16 சதவீதத்தினருக்கே புதிய நசுங்கல் ஏற்பட்டது. முன்னால் குனியும் பயிற்சி செய்தவர்களில் அது 89 சதவீதம். எதுவுமே செய்யாதவர்களில் 67. வெறும் 59 பேரிடம் நடந்த சிறிய ஆய்வுதான், ஆனாலும் இந்த வித்தியாசத்தை என்னால் ஒதுக்க முடியவில்லை. பாதத்தைத் தொடும் ஆசனங்களை விட்டுவிடுங்கள். குனிந்து பெருக்குவதற்குப் பதில் நீளக் கைப்பிடித் துடைப்பம், தரையில் இருக்கும் குடத்துக்குப் பதில் மேடையில் சிறு பாத்திரம் என்று வீட்டையும் மாற்றுங்கள்.

படுக்கை, பெல்ட், சிமென்ட் என்று இவ்வளவு விவாதிக்கும் குடும்பங்கள் எலும்புக்கான மருந்தைக் கேட்காமலே வீடு திரும்புவதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒரு முறிவு கண்ட பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொன்று வருகிறது. வெறும் கால்சியம் மாத்திரை இதைத் தடுக்காது.

வாரம் ஒருமுறை விழுங்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை மலிவானது. காலைக் காபிக்கு முன், வெறும் வயிற்றில், நிறையத் தண்ணீருடன் விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ரத்தக்குழாயில் ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் வசதி. சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பல எலும்புகள் நசுங்கியவருக்குத் தினசரி ஊசியான டெரிபாரடைடு வலுவான தேர்வு. 2018-ல் வெளியான ஒப்பீட்டில், இரண்டு ஆண்டுகளில் புதிய முள்ளெலும்பு முறிவு, அலெண்ட்ரோனேட் வகை மாத்திரையான ரிசெட்ரோனேட் எடுத்தவர்களில் 12 சதவீதம், டெரிபாரடைடு எடுத்தவர்களில் 5.4 சதவீதம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் நல்லதே. ஆனால், மாற்று மருந்து தொடங்காமல் அதைத் திடீரென்று நிறுத்தினால் ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்கக்கூடும். அதைப் போட்டுக்கொள்பவர், அடுத்த ஊசியின் தேதியை முதல் ஊசியன்றே காலண்டரில் குறித்துவிட வேண்டும்.