சிவப்புச் சாயத்துக்கு அடியில் என்ன மரம்? கைத்துடுப்பு வாங்குவோர் கவனத்துக்கு

கனடாவில் பீவர் என்ற விலங்கின் தோலை விற்ற பழைய வணிகப் பாதையில் போகும் படகுக் குழுவுக்காக ஒரு பட்டறையில் துடுப்புகள் வாங்கினோம். 'ஆஷ் மரம், ஒரே பலகை, கையால் செதுக்கியது, வோயாஜர் வடிவம்' என்று சொல்லித்தான் விற்றார்கள். வோயாஜர் என்பது அந்தத் தோல் வணிகத்தில் படகு வலித்தவர்களின் பெயர். முழுப் பணமும் முன்னதாகவே கட்டியாயிற்று. வந்தவற்றில் சிவப்புச் சாயத்தைத் தவிர எதுவும் சொன்னபடி இல்லை.

வடிவமே தவறு. அந்தக் காலத்தில் படகின் நடுவில் அமர்ந்தவர்கள் பிடித்தது குட்டையான துடுப்பு. அலகின், அதாவது நீரைத் தள்ளும் தட்டைப் பகுதியின், அகலம் 10 முதல் 13 செ.மீ. நிமிடத்துக்கு ஏறக்குறைய ஐம்பது தடவை, நாள் முழுக்க வலிக்க வேண்டியிருந்ததால்தான் அலகு அவ்வளவு குறுகல். படகின் முன்முனையில் இருப்பவருக்கும் பின்னால் நின்று திருப்புபவருக்கும் மட்டும் நீண்ட துடுப்பு. எங்களுக்கு வந்ததோ 20 செ.மீ. அகல அலகுள்ள இன்றைய ஏரித் துடுப்பு, எல்லோருக்கும் ஒரே நீளம். இதை அந்த வேகத்தில் வலித்தால் தோள்மூட்டு தாங்காது.

மோசம் அதோடு நிற்கவில்லை. ஓர் அலகின் ஓரத்தில் உப்புத்தாள் போட்டதும் ஒட்டுக்கோடு தெரிந்தது. ஒட்டுவது குற்றமில்லை, நீர் தாங்கும் எபாக்சிப் பிசினில் ஒட்டிய துடுப்பு நன்றாகவே உழைக்கும். ஆனால் இதில் இருந்தது வீட்டுச் சாமான்களுக்குப் போடும் வெள்ளைப் பசை. நீரில் ஊறியதும் ஒட்டு வாய்பிளந்தது. இன்னொன்றில் தண்டும் அலகும் சேரும் கழுத்திலேயே கணு. அதில் மக்கு அடைத்து மேலே சாயம் பூசியிருந்தார்கள். வலிக்கும்போது விசை அதிகமாக இறங்கும் இடங்களில் அந்தக் கழுத்தும் ஒன்று. பாதி ஆற்றில் அது முறிந்தால் ஆள் நிலைதடுமாறிப் படகே கவிழலாம்.

ஆகவே சாயம் பூசிய துடுப்பை வாங்கவே வாங்காதீர்கள். எதுவும் பூசாத வெறும் மரமாகப் பார்த்த பிறகு எண்ணெயோ சாயமோ நீங்களே பூசிக்கொள்ளலாம். முதலில் தண்டின் இழையை, அதாவது மரத்தின் நார் ஓடும் கோட்டை, பக்கவாட்டில் பாருங்கள். கைப்பிடியிலிருந்து கழுத்துவரை நேராக ஓட வேண்டும். ஓர் அடி நீளத்துக்குள் இழை ஓர் அங்குலத்துக்கு மேல் சாய்ந்து வெளியேறினால் அந்தத் தண்டு எளிதில் முறியக்கூடும். பிறகு அலகின் நுனியைப் புல்தரையில் ஊன்றி, ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறு கையால் தண்டின் நடுவை அழுத்துங்கள். வில்போல் லேசாக வளைந்து மீள வேண்டும். 'சடக்' என்று சத்தம் வந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். அலகின் ஓரம் 4, 5 மி.மீ. இருந்தால் போதும், விரல் தடிமனுக்கு விட்டிருந்தால் செதுக்கும் வேலையை முடிக்கவில்லை என்று பொருள். கைப்பிடியில் வார்னிஷ் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். அது உள்ளங்கையைக் கொப்புளமாக்கக்கூடும்; துடுப்பு செய்பவர்கள் பலர் அங்கே ஆளிவிதை எண்ணெய்தான் பூசுவார்கள்.

கேட்டதற்குப் பட்டறைக்காரர், 'கைவேலையில் மரத்துக்கு மரம் வித்தியாசம் வரும்' என்றார். பசையும் மக்கும் மரத்தில் விளைவதில்லை. பணம் இன்னும் திரும்பவில்லை. மர வகை, ஒற்றைப் பலகையா ஒட்டா, அலகின் அகலம், ஒவ்வொரு துடுப்பின் நீளம் ஆகியவற்றை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சாயம் பூசாத துடுப்பின் இரு பக்கமும் எடுத்த படம் கைக்கு வரும்வரை பாதிப் பணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள்.