பழைய காரின் கம்பெனி அலாரம் சும்மா சும்மா அலறினால்: சரிசெய்வதா, வாயடைப்பதா, மாற்றுவதா?

நள்ளிரவில் யாரும் தொடாமலே கார் அலற ஆரம்பிக்கும். ரிமோட்டை அமுக்கினால் நிற்கும், சற்று நேரத்தில் மறுபடியும் கத்தும். பத்து வயதைத் தாண்டிய கார்களில் இது ரொம்ப சகஜம். யாரிடம் கேட்டாலும் ஒரு வழி சொல்வார்கள். ஒருவர் ஃபியூஸைப் பிடுங்கச் சொல்வார், இன்னொருவர் சைரன் வயரைக் கழற்றச் சொல்வார், மூன்றாமவர் மாட்யூலே (அலாரத்தை இயக்கும் மின்னணுப் பெட்டி) போச்சு மாற்றிவிடு என்பார், இதையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுக் கடையில் புது அலாரம் வாங்கி மாட்டு என்பவரும் உண்டு. எல்லாமே ஏதோ ஒரு காருக்குச் சரியான பதில்தான். உங்கள் காருக்கு எது என்று தெரிந்துகொள்ளாமல் செலவில் இறங்கினால் பணமும் போகும், சத்தமும் நிற்காது.

கம்பெனி அலாரம் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. கதவு, பானெட், டிக்கி ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். சில கார்களில் உள்ளே ஆள் அசைவைப் பார்க்கும் அல்ட்ராசோனிக் சென்சார், காரைத் தூக்கினால் உணரும் சாய்வு சென்சார் எல்லாம் உண்டு. பூட்டிய பிறகு இதில் ஏதாவது ஒன்று 'திறந்திருக்கிறது' என்று சொன்னால் அலாரம் கத்தும், அவ்வளவுதான். ஆக, காரணமில்லாமல் அலறும் காரில் மூளை கெட்டிருப்பதைவிட, அதற்குத் தகவல் சொல்லும் சுவிட்ச்சோ வயரோ கெட்டிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 

எதையும் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரி. இதை விட்டுவிட்டு மற்றதைத் தேடுவது வீண். காரை அணைத்துச் சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் பாருங்கள்: 12.6 வோல்ட் இருந்தால் நன்றாக இருக்கிறது, 12.2 என்றால் பாதிதான் மிச்சம், 12-க்குக் கீழே போனால் அலாரம் ஏன் கத்துகிறது என்று தனியாக யோசிக்க வேண்டியதே இல்லாமல் போகலாம். பேட்டரியின் வோல்டேஜ் இறங்குவதை யாரோ வயரில் கை வைத்ததாக எடுத்துக்கொள்ளும் கார்கள் இருக்கின்றன. குளிர்ந்த இரவில் மட்டும் கத்துகிறது, பகலில் கத்துவதில்லை என்றால் முதல் சந்தேகம் இதன் மேல்தான். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அதையும் சுத்தம் செய்து இறுக்கிவிடுங்கள்.

பேட்டரி சரி என்றால் அடுத்த கேள்வி, எந்த சுவிட்ச் என்று எப்படிக் கண்டுபிடிப்பது. இங்கே இரண்டு வழி. ஒன்று ஸ்கேனர் (காரில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி), இன்னொன்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது.

ஸ்கேனர் என்றதும் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஓபிடி கருவியை வாங்கிவிடாதீர்கள். அதில் பெரும்பாலானவை எஞ்சின் பக்கத்துப் பிழைகளை மட்டும் படிக்கும், கதவு, விளக்கு, அலாரம் இவற்றைக் கவனிக்கும் பாடி மாட்யூல் பக்கமே போகாது. அந்தக் கம்பெனிக்கென்றே இருக்கும் மென்பொருள் வேண்டும். பழைய ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களில் விசிடிஎஸ் என்ற மென்பொருளை வைத்து, அதில் 46 என்று எண்ணிட்ட மாட்யூலுக்குள் போனால், கடைசியாக எதனால் அலாரம் அடித்தது என்ற விவரமே பதிவாகியிருக்கும். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன் என்ற மென்பொருள் இருக்கிறது, அது பாடி மாட்யூலையும் படிக்கும். இந்த வசதி உங்கள் காருக்கு இருந்தால் வேறு யோசனையே வேண்டாம், ஒரு முறை படிக்கக் கொடுக்கும் காசு ஊகத்தில் மாற்றும் பாகங்களின் செலவைவிடப் பெரும்பாலும் குறைவு. 

வசதி இல்லையென்றால் கழித்துப் பார்க்கலாம். காசு செலவில்லை, பொறுமை மட்டும் வேண்டும். முதலில் உள் சென்சார். பல கார்களில் பூட்டும் பட்டனை அடுத்தடுத்து இரண்டு முறை அமுக்கினால் உள் சென்சார் மட்டும் அணைந்துவிடும், சிலவற்றில் இதற்கெனத் தனிப் பட்டனே இருக்கும். அப்படிப் பூட்டி வைத்து இரவெல்லாம் அமைதியாக இருந்தால் குற்றவாளி சென்சார்தான். கண்ணாடியில் தொங்கும் வாசனை அட்டை, கொஞ்சமாக இறக்கி வைத்த ஜன்னல், உள்ளே ஊரும் சிலந்தி, இவ்வளவு போதும் அதைக் கிளப்ப. அப்போதும் கத்தினால் சுவிட்ச் பக்கம் வாருங்கள்.

சுவிட்ச்களில் என் முதல் சந்தேகம் எப்போதும் பானெட் சுவிட்ச் மேல்தான். அது இருக்கும் இடத்தைப் பாருங்கள், முன்பக்கப் பூட்டுக்குப் பக்கத்தில், கிரில்லுக்குப் பின்னால், மழைத் தண்ணீரும் சேறும் எஞ்சின் சூடும் நேராகப் படும் இடம். கதவு சுவிட்ச்சுக்கு ரப்பர் பட்டை பாதுகாப்பு உண்டு, இதற்கு ஒன்றும் கிடையாது. சில கார்களில் இது தனியாக நிற்கும் சின்ன ஊசி மாதிரி இருக்கும், பானெட் மூடும்போது அதை அழுத்தும். சிலவற்றில் பூட்டுக்குள்ளேயே இருக்கும்.

சோதிப்பது சுலபம். இணைப்பானைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப் அடிக்கும் நிலையில் வைத்து, சுவிட்ச்சின் இரண்டு காலிலும் வையுங்கள். விரலால் ஊசியை மெதுவாக அழுத்தி மெதுவாக விடுங்கள். ஒரே இடத்தில் பட்டென்று பீப் ஆரம்பித்து, திரும்பி வரும்போது பட்டென்று நிற்க வேண்டும் (சில கார்களில் தலைகீழாக, அழுத்தினால் நிற்கும், அதுவும் சரிதான்). நடுவில் விட்டு விட்டு அடித்தாலோ, அழுத்தி வைத்திருக்கும்போது எண் அங்குமிங்கும் அலைந்தாலோ, ஊசி திரும்பி மேலே வர யோசித்தாலோ சுவிட்ச் போய்விட்டது.

சுவிட்ச் நல்லதாக இருந்தும் கத்துவது உண்டு. முன்பக்கம் இடித்து வேலை பார்த்த காராக இருந்தால் பானெட் 2, 3 மில்லிமீட்டர் உயரமாக உட்கார்ந்திருக்கும், ஊசி அரைகுறையாகத்தான் அழுந்தும். பக்கத்தில் லாரி போனால்கூட அந்த அதிர்வில் தொடர்பு விட்டுப்போகும். பானெட்டைத் தாங்கும் ரப்பர் குமிழ்களைத் திருகிச் சரிசெய்தாலே முடிந்துவிடும், ஒரு பாகமும் வாங்க வேண்டாம்.

சுவிட்ச்தான் கெட்டது என்றால் மூன்று வழி போட்டியிடுகின்றன: சுத்தம் செய்வது, மாற்றுவது, பைபாஸ் செய்வது. கான்டாக்ட் கிளீனர் அடித்துச் சுத்தம் செய்தால் கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடும். ஆனால் உள்ளே துரு ஏறிய தகடு மறுபடியும் துருவேறும், அடுத்த மழைக்காலத்தில் திரும்ப வந்து நிற்கும். நோயை உறுதி செய்யும் சோதனையாக மட்டும் நான் இதை எடுத்துக்கொள்வேன், சுத்தம் செய்ததும் சத்தம் நின்றால் இடம் சரி என்று தெரிந்துவிடும். அப்புறம் புதிய சுவிட்ச் வாங்கிப் போட்டுவிடலாம். தனி ஊசி வகை என்றால் காரில் இருக்கும் மிக மலிவான பாகங்களில் அதுவும் ஒன்று. பூட்டோடு சேர்ந்த வகை என்றால் முழுப் பூட்டையும் மாற்ற வேண்டிவரும், செலவு கூடும், அங்கேதான் பைபாஸ் ஆசை வருகிறது.

பைபாஸ் என்றால் பானெட் எப்போதும் மூடியே இருப்பதாகக் காரை நம்பவைப்பது. காருக்குக் கார் வயரிங் வேறு. சிலவற்றில் இணைப்பானைக் கழற்றிவிட்டாலே போதும், சிலவற்றில் இரண்டு வயரையும் சேர்க்க வேண்டும், இன்னும் சிலவற்றில் நடுவில் குறிப்பிட்ட ரெசிஸ்டர் இல்லாவிட்டால் பிழை காட்டும். வயரிங் படம் பார்க்காமல் கை வைக்காதீர்கள். பாதுகாப்பில் எவ்வளவு குறையும் என்றால், பானெட்டை உள்ளேயிருக்கும் லீவரால்தான் திறக்க முடியும் என்கிற காரில் திருடன் முதலில் கதவைத் திறந்தாக வேண்டும், கதவு சுவிட்ச் அவனைப் பிடித்துவிடும், எனவே இழப்பு கொஞ்சம்தான். தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ரிமோட்டில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் வசதி இருக்கும் காரில் இதைச் செய்யவே கூடாது. பானெட் திறந்திருந்தால் எஞ்சின் கிளம்பாமல் தடுப்பது அதே சுவிட்ச்தான். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் ஒருவர் கை இருக்கும்போது வீட்டுக்குள்ளிருந்து இன்னொருவர் பட்டனை அமுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

கதவு பக்கம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மூடிய பிறகும் உள் விளக்கு அணையாமல் இருப்பது, ஓட்டும்போது கதவு திறந்திருப்பதாக டாஷ்போர்டில் எப்போதாவது மின்னி மறைவது, இரண்டும் நல்ல துப்பு. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்டின் கொக்கியை ஸ்குரூடிரைவரால் மூடும் நிலைக்குத் தள்ளுங்கள், விளக்கு அணைய வேண்டும். சோதித்து முடித்ததும் கைப்பிடியை இழுத்துக் கொக்கியை விடுவித்துவிட்டு அப்புறம் கதவைச் சாத்துங்கள், மறந்தால் பூட்டு வளைந்துவிடும். சுவிட்ச் பூட்டுக்குள்ளே இருப்பதால் பெரும்பாலும் பூட்டையே மாற்ற வேண்டும். அதற்கு முன், கதவுக்கும் காருக்கும் நடுவே வயர் போகும் ரப்பர் குழாயை உருவிப் பாருங்கள். வருடக்கணக்கில் மடங்கி மடங்கி உள்ளே வயர் அறுந்திருக்கும், வெளியே பார்த்தால் தெரியாது. பின்கதவு மேலே தூக்கும் வகை என்றால் அங்கேயும் இதே கதைதான்.

அடுத்தது சைரன். இதற்கு அனுதாபமே கிடைப்பதில்லை, ஆனால் பழைய ஐரோப்பியக் கார்களில் பாதிப் பிரச்சினை இதில்தான் ஆரம்பிக்கிறது. திருடன் பேட்டரியைக் கழற்றினாலும் கத்த வேண்டும் என்பதற்காக சைரனுக்குள்ளேயே ஒரு சின்ன ரீசார்ஜ் பேட்டரி வைத்திருப்பார்கள், பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு. 8, 10 வருடத்தில் அது கசிந்துவிடும். கசிவு சர்க்யூட் பலகையை அரித்து, சைரன் தானாகக் கத்தும், இல்லையென்றால் கத்தவே கத்தாது, காரின் பேட்டரியை ராத்திரியில் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சவும் செய்யும். 2000-களில் வந்த வால்வோ கார்களில் அலாரத்துக்கு சர்வீஸ் தேவை என்று திரையில் எழுத்து வருவதற்கு இது பிரபலமான காரணம். காரின் பேட்டரியைக் கழற்றிய பிறகும் சத்தம் வந்தால் அது சைரனின் சொந்த பேட்டரியிலிருந்து வருகிறது. அது கெட்டிருக்கிறது என்பதற்கு இது மட்டும் ஆதாரம் ஆகாது, ஏனென்றால் நல்ல சைரனும் அப்படித்தான் கத்தும், அது அதன் வேலை.

புது சைரன் வாங்குவது, பழையதைத் திறந்து பேட்டரி மாற்றுவது, கழற்றிவிட்டுச் சும்மா இருப்பது: இதில் எது? சால்டரிங் தெரிந்தவர்களுக்கு இரண்டாவது நல்ல வழி. ஒட்டி மூடிய டப்பாவைச் சுற்றிலும் மெல்ல அறுத்துத் திறந்தால் பேட்டரியின் கால்களைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு படிந்திருக்கும். கசிந்தது காரம், அதனால் கொஞ்சம் வினிகரைத் தொட்டுத் துடைத்து, பிறகு ஐசோபுரொப்பில் ஆல்கஹாலால் கழுவிக் காயவைக்க வேண்டும். தாமிரத் தடங்கள் அறுபடாமல் இருந்தால் அதே வோல்ட்டில் அதே வகை பேட்டரியைப் போடுங்கள். லித்தியம் சின்னதாக இருக்கிறதே என்று அதை வைத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சார்ஜ் அமைப்பு அதற்கானது இல்லை, தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. தடங்கள் போய்விட்டால் புதியதுதான், சில கார்களில் அதை ஸ்கேனரில் பதிவு செய்யவும் வேண்டும். பழைய காரிலிருந்து கழற்றிய சைரன் வாங்குவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அதன் பேட்டரிக்கும் அதே வயதுதான்.

சைரனைக் கழற்றிவிட்டுச் சும்மா இருப்பதும் பல கார்களில் பரவாயில்லாத வழிதான். ஹாரனும் இன்டிகேட்டரும் தனியாக வேலை செய்யும், டாஷ்போர்டில் ஒரு பிழை எழுத்து நிற்கும், அவ்வளவுதான். ஃபியூஸைப் பிடுங்குவதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். அந்த ஃபியூஸில் பெரும்பாலும் சென்ட்ரல் லாக், உள் விளக்கு, சில சமயம் இம்மொபிலைசர்கூடச் சேர்ந்திருக்கும், பிடுங்கினால் கார் ஸ்டார்ட்டே ஆகாமல் நிற்கலாம். ஒரு இரவு தூங்க வேண்டும் என்றால் சரி, நிரந்தரத் தீர்வாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இம்மொபிலைசர் என்றதும் பலர் அலாரத்தோடு அதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சாவியில் இருக்கும் சிப்பைப் படித்து எஞ்சினை அனுமதிப்பது அது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களில் அது கட்டாயம், கனடாவில் 2007 முதல். காரை ஓட்டிக்கொண்டு போவதை உண்மையில் தடுப்பது அதுதான், சத்தம் இல்லை. எனவே இம்மொபிலைசர் நன்றாக வேலை செய்யும் காரில் சைரனை ஊமையாக்குவதற்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம், இன்ஷூரன்ஸில் அலாரம் இருப்பதாகச் சொல்லியிருந்தால் மட்டும் அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள்.

மாட்யூலை மாற்றச் சொன்னால் எதனால் என்று கேளுங்கள், எல்லா சுவிட்ச்சையும் அளந்து பார்த்தீர்களா என்று கேளுங்கள். பழைய மாட்யூல் வாங்கினால் அது வேறு காரின் சாவியோடும் எண்ணோடும் பிணைந்திருக்கும், கோடிங் செய்யாமல் போட்டால் சத்தப் பிரச்சினை போய் ஸ்டார்ட் ஆகாத பிரச்சினை வந்து சேரும். தண்ணீர் புகுந்து மாட்யூல் அரித்துப்போன கார் என்றால் மட்டும் இந்தச் செலவுக்கு நியாயம் உண்டு.

கடையில் வாங்கும் அலாரத்துக்கும் ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டுக்கும் நடுவே என்றால் நான் பூட்டைத்தான் எடுப்பேன். வயரில் கை வைக்க வேண்டாம், கண்ணுக்குத் தெரிவதால் திருடனுக்கும் தயக்கம் வரும். இல்லை, அலாரம்தான் வேண்டும் என்றால் மாட்டுபவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கதவு, பானெட் தகவலை எங்கிருந்து எடுக்கிறார்? பல சமயம் அதே பழைய சுவிட்ச்சின் வயரில்தான் இணைப்பார்கள். கெட்ட சுவிட்ச்சை அப்படியே விட்டிருந்தால் புது அலாரமும் அதே இரவில் அதே மாதிரி கத்தும்.