பழைய தச்சு வீட்டைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறீர்களா? ஒரு நிமிஷம்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தாத்தா வீடு. ஓட்டுக்கூரை, அயினி மரப் பலகையால் ஆன நிரைச் சுவர், பெயருக்குக்கூட இரும்பு ஆணி கிடையாது. கூரையின் சாய்வு மரமான கழுக்கோலில் இரண்டு உளுத்துப்போனதால் போன சித்திரையில் ஒரு கான்டிராக்டரை அழைத்தேன். பத்மநாபபுரம் அரண்மனையில் மராமத்து செய்ததாகச் சொல்லி போனில் படம் காட்டினார். டிக்கெட் எடுத்து உள்ளே போகிற யாரும் எடுக்கக்கூடிய படம்தான். அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அங்கே ஒரு வார்த்தை விசாரிக்கத் தோன்றவில்லை எனக்கு. அட்வான்ஸ் 1,50,000 ரூபாய்.

இந்தக் கூரைகளில் கழுக்கோல் ஒவ்வொன்றிலும் துளை போட்டு, அதன் வழியே வளை என்கிற குறுக்குக் கட்டையைக் கோத்து, ஆப்பு வைத்து இறுக்கியிருப்பார்கள். ஒரு கழுக்கோலை மாற்ற ஓடுகளை இறக்கி, ஆப்பைத் தட்டி எடுத்து, வளையை உருவ வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. இவர்கள் மூன்றே நாளில் முடித்தார்கள். வளையை மெஷின் வாளால் அறுத்துவிட்டு, இரும்புப் பட்டையும் போல்ட்டும் போட்டு, மேலே பழுப்புச் சாயம் பூசிவிட்டார்கள். ஆனிச் சாரலில் அந்த இடம் மட்டும் நாலு விரல்கடை தாழ்ந்து ஓடு விலகிவிட்டது.

அப்புறம் நிரை. கறையான் அரித்துவிட்டது என்று பதினொரு பலகையைக் கழற்றினார். அயினியின் வைரத்தை, அதாவது முற்றிய நடுமரத்தை, கறையான் அவ்வளவு லேசில் தொடாது. அங்கேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். பலகை ஒவ்வொன்றின் ஓரத்திலும் உளியால் ஒரு கோடு, இரண்டு கோடு என்று பழைய ஆசாரி அடையாளம் வெட்டியிருந்தார். எந்தப் பலகை எந்தக் காடிப் பள்ளத்தில் இறங்கும் என்பதற்கான கணக்கு அது. “விறகுக்குத்தான் ஆகும் சார்” என்று எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். விறகை யாராவது சாக்கில் சுற்றி ஏற்றுவார்களா?

மூன்று மாதத்தில், அவர் மாற்றிப் போட்ட புதுப் பலகைக்குக் கீழே, முகப்பவுடர் கொட்டியதுபோல மாவு. ஊரில் மிச்சமிருக்கிற ஒரு வயதான ஆசாரியைக் கூட்டி வந்தேன். பாலிஷ் படாத பின்பக்கத்தைக் கத்தியால் சுரண்டினார். வெளேர் என்று இருந்தது.

“ரப்பர் மரம்லா மக்கா இது. சாயம் அடிச்சு வச்சிருக்கான்.”

ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். மருந்தில் ஊறவைக்காமல் போட்டால் வண்டு சீக்கிரமே துளைத்துவிடும்.

பழைய வீடு வைத்திருப்பவர்கள், கழற்றுவதற்கு முன்னே பலகைக்கு எண் போட்டுப் படம் எடுத்துவிடுங்கள். கழற்றும் மரம் வீட்டுக்காரருக்கே என்று எழுதி வாங்குங்கள். புதுப் பலகையைப் பாலிஷுக்கு முன்னால் பாருங்கள். வளையை எப்படி உருவுவாய் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரைக் கூரையில் ஏற்றாதீர்கள்.

அறுபட்ட வளைத் துண்டுகள் இப்போது திண்ணையில் கிடக்கின்றன. அளவுக்கு வேண்டும், எறிந்துவிடாதே என்று ஆசாரி சொல்லியிருக்கிறார். மார்கழி பிறந்ததும் ஓடு இறக்கலாம் என்கிறார். அதுவரை தார்ப்பாய்தான்.